'போதும்' என்னும் சொல்: பிலிப்பியர் நிருபத்தின் தமிழாக்கங்களில் மனநிறைவும் மகிழ்வும்

முன்னுரை

உள்ளதைக் கொண்டு நிறைவடைதல் என்பது தமிழ் அற இலக்கியத்திற்குப் புதிய பொருள் அன்று. போதுமென்ற மனத்தைப் பொன்செய்யும் மருந்தாகக் கூறும் பழமொழியை அறியாத தமிழ் மாணவர் அரியர். வகுப்பறையில் நாம் இதனைக் கற்பிக்கும்போது, ஆசையை அடக்கினால் அமைதி கிட்டும் என்று ஒரே வரியில் பொருள் கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். அவ்வாறு கூறும் பொருள் எல்லாச் சமய மரபுகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்துமா என்னும் வினா எழுவதில்லை.

கிறித்தவத் திருமறையில் இப்பொருள் பற்றிப் பெரிதும் எடுத்தாளப்படும் பகுதி, பவுல் பிலிப்பி நகரத்துத் திருச்சபையாருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரம் ஆகும். இந்நிருபம் சிறையிலிருந்து எழுதப்பட்டது. எந்நிலையில் இருந்தாலும் மனம் நிறைந்திருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் இதில் கூறுகிறார். இக்கூற்றைத் தமிழாக்கியோர் தேர்ந்த சொற்களை ஆராய்ந்து, அச்சொற்கள் கிறித்தவ மனநிறைவின் இயல்பை எந்த அளவு புலப்படுத்துகின்றன என்று காண்பதும், இருக்கும் நிலையில் மகிழ்ந்திருத்தல் என்னும் அறம் எங்கே அறமாக நிற்கிறது, எங்கே அடக்குமுறையாகத் திரிகிறது என்று வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்கு 1961 முதல் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கத் துறவி. அதே வேளையில் சங்க இலக்கியத்தில் தோய்ந்த தமிழறிஞர். ஆகவே, கிறித்தவத் தமிழைத் தமிழின் புறத்தே நிறுத்தாமல் அதன் அகத்தே வைத்து ஆராய்தல் இத்துறைக்கு இயல்பான நெறியே ஆகும். அந்நெறியைப் பின்பற்றியே இவ்வாய்வும் அமைகிறது.

மூலச்சொல்லும் அதன் பின்னணியும்

பவுல் கையாண்ட கிரேக்கச் சொல் 'ஔதார்க்கேஸ்' என்பது. 'தான்' எனப் பொருள்படும் சொல்லும் 'போதுமாதல்' எனப் பொருள்படும் வினையும் இணைந்து அமைந்த சொல் இது. 'தனக்குத் தானே போதுமானவன்' என்பது இதன் நேர்ப்பொருள். அரிஸ்டாட்டில் இதன் பெயர் வடிவத்தை நகர அரசின் நிறைவைக் குறிக்கவும், மனிதனின் மேலான இன்பத்தை வரையறுக்கவும் பயன்படுத்தினார். பின்வந்த ஸ்டோயிக் மெய்யியலார் இதனைத் தனிமனித அறத்தின் உச்சநிலையாகக் கொண்டனர். செல்வம், நோய், புகழ், சிறை ஆகிய புறப்பொருள்கள் எவையும் அறிவுடையோனின் உள்ளத்தைத் தொடமாட்டா என்பது அவர்கள் கொள்கை. பவுலின் காலத்தவரும் கி.பி. 65இல் இறந்தவருமாகிய செனக்கா இக்கொள்கையினர். ஒரு தலைமுறை பின்வந்து, அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டசும் இக்கொள்கையினரே.

எனவே பவுல் இச்சொல்லைப் புதிதாகப் படைக்கவில்லை. தம் காலத்து மெய்யியல் வழக்கிலிருந்து எடுத்தாண்டார். ஆயினும் எடுத்த சொல்லை அவர் எடுத்தவாறே விட்டுவிடவில்லை. 11ஆம் வசனத்தில் தாம் நிறைவுடையவர் என்று கூறியவர், 13ஆம் வசனத்தில் அந்நிறைவிற்கான வலிமை தம்முடையது அன்று, தம்மை வலுப்படுத்தும் கிறிஸ்துவினுடையது என்று கூறுகிறார். 'தான்' என்னும் முன்னொட்டைக் கொண்ட சொல்லை ஆண்டு, இரண்டு வசனங்களுக்குள் அந்தத் 'தானை' அகற்றிவிடுகிறார். ஸ்டோயிக் அறிஞனின் நிறைவு தன்னுள் ஊறுவது; பவுலின் நிறைவு பிறரிடமிருந்து பெறப்படுவது.

தமிழாக்கங்களில் சொற்றேர்வு

சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714-15ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. அதன்பின் பல திருப்புதல்கள் வெளிவந்தன. அவற்றுள் ஹென்றி பவர் தலைமையிலான குழுவினரின் திருப்புதல் 1871இல் முழுமையாக வெளிவந்தது. அதன் வழிவந்த பழைய திருப்புதலே சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளது. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு, 'திருவிவிலியம்' என்னும் பெயரில் 1995இல் வெளிவந்தது. இவ்விரண்டையுமே இங்கு ஒப்பிடுகிறோம்.

பழைய திருப்புதலில் ஒரே கிரேக்க வேர்ச்சொல் இடத்திற்கு ஏற்ப மூன்று வகையாக ஆக்கம் பெற்றுள்ளது. பிலிப்பியர் 4:11இல் அது 'மனரம்மியம்' என வருகிறது. முதலாம் தீமோத்தேயு 6:6இல் 'போதுமென்கிற மனது' என வருகிறது. இரண்டாம் கொரிந்தியர் 9:8இல் 'சம்பூரணம்' என்னும் சொல்லால் உணர்த்தப்படுகிறது. மூலத்தில் ஒன்றாக இருந்த சொல் தமிழில் மூன்றாகப் பிரிந்ததை மொழிபெயர்ப்புக் குறை என்று கூறுவோர் உளர். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்து நோக்கினால் அக்கூற்று முழுமையாகப் பொருந்தவில்லை.

'ரம்மியம்' என்பது இனிமையையும் அழகையும் குறிக்கும் வடசொல். ஆதலின் 'மனரம்மியம்' என்பது குறைவை ஏற்றுக்கொண்ட மனத்தை அன்று, இன்புற்ற மனத்தையே குறிக்கிறது. மூலச்சொல்லில் இன்பப் பொருள் நேராக இல்லை. ஆயினும் மூலநூலில் அது நிறைந்துள்ளது. நான்கு அதிகாரங்களும் 104 வசனங்களும் மட்டுமே கொண்ட இச்சிறு நிருபத்தில் மகிழ்தல், உடன் மகிழ்தல், மகிழ்ச்சி ஆகிய பொருள்படும் கிரேக்கச் சொற்கள் 16 முறை பயின்று வருகின்றன. கையில் விலங்கோடு இருப்பவர் எழுதிய கடிதத்தில் இத்தனை முறை மகிழ்ச்சி பேசப்படுவது கருதத்தக்கது. 'மனரம்மியம்' என்னும் சொல் இந்நிருபத்தின் முழுச் சூழலையும் ஒரு வசனத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. சொல்லுக்குச் சொல் நோக்கின் அது மிகைப்பொருள் தருவது. நூல் முழுமையும் நோக்கின் பொருத்தமானது.

திருவிவிலியம் இவ்விடத்தில் 'மனநிறைவு' என்னும் சொல்லை ஆள்கிறது. இது தெளிவானது, இன்றைய மாணவருக்கு உரையின்றி விளங்குவது, மூலச்சொல்லுக்கும் நெருக்கமானது. 'மனரம்மியம்' இன்று திருமறைக்கு வெளியே வழக்கிறந்த சொல் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. 'மனநிறைவு' அமைதியைச் சுட்டும் அளவிற்கு மகிழ்வைச் சுட்டுவதில்லை. ஆகவே வகுப்பில் இப்பகுதியைக் கற்பிப்போர் இரு சொற்களையும் அருகருகே வைத்து விளக்குதல் நன்று என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. மூலச்சொல்லின் உறுப்புகளுக்கு மிக நேரான தமிழ்ச்சொல் 'தன்னிறைவு' என்பதே. உணவு உற்பத்தியில் தன்னிறைவு, பொருளாதாரத் தன்னிறைவு என்று அது நம் நாளில் பெரிதும் வழங்குகிறது. ஆயினும் இவ்விரு மொழிபெயர்ப்புகளும் இங்கு அச்சொல்லைக் கொள்ளவில்லை. அது சரியான முடிவே. 13ஆம் வசனத்தில் பவுல் தாமே விலக்கிய 'தான்' என்பதைத் தமிழாக்கம் 11ஆம் வசனத்திலேயே விலக்கிவிட்டது. சொல்லுக்கு விலகி நின்றதால் பொருளுக்கு அணுகிச் சென்ற மொழிபெயர்ப்பு என இதனைக் கூறலாம்.

சந்தோஷமும் திருப்தியும்

தமிழாக்கத்தில் நேர்ந்த வேறு இரண்டு பொருள்மாற்றங்களும் நம் ஆய்வுக்குத் துணைபுரிகின்றன. முதலாவது 'சந்தோஷம்' என்பது. வடமொழியில் இச்சொல்லின் முதற்பொருள், கிடைத்ததில் நிறைவு கொள்ளுதல். பதஞ்சலியின் யோக சூத்திரம் ஐந்து நியமங்களுள் ஒன்றாக இதனைக் கூறுகிறது. திருமந்திரமும் நியமம் பத்தினுள் 'சந்தோடம்' என இதனைச் சேர்த்துள்ளது. ஆனால் தமிழ்ப் பேச்சு வழக்கில் இச்சொல் மகிழ்ச்சியைக் குறிப்பதாயிற்று. பழைய திருப்புதல் பிலிப்பியர் 4:4இல் எப்போதும் மகிழ்ந்திருக்குமாறு கூறும் கட்டளைக்கு இச்சொல்லையே கொண்டது. அதனால், நிறைவும் மகிழ்வும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்னும் நிருபத்தின் உட்கருத்து, தமிழ்ச் சொல்லின் வரலாற்றிலேயே ஒளிந்து கிடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணிச் செய்தனர் என்று நாம் வாதிடவில்லை. அவர்கள் தேர்ந்த சொல்லில் இப்பொருள் படிந்திருக்கிறது என்பதே நாம் கூறுவது.

இரண்டாவது 'திருப்தி' என்பது. இன்று மனநிறைவைக் குறிக்க நாம் மிகுதியும் ஆளும் சொல் இதுவே. ஆனால் பழைய திருப்புதலில், பிலிப்பியர் 4:12இல், இது பட்டினிக்கு எதிர்ச்சொல்லாக நின்று வயிறு நிறைதலைக் குறிக்கிறது. ஐயாயிரம் பேர் உண்ட நிகழ்ச்சியைக் கூறும் நற்செய்திப் பகுதியிலும் இதே கிரேக்க வினை வருகிறது. தமிழும் அங்கே திருப்தி என்றே கூறுகிறது. ஆகவே பவுல் பேசும் நிறைவு, வயிற்றின் திருப்தியோடு ஒன்றானது அன்று. வயிறு திருப்தியடைந்த நாளிலும் பட்டினி கிடந்த நாளிலும் ஒருபடித்தாக நிற்பதே மனரம்மியம். பசியைப் பசி என்றே அவர் குறிப்பிடுகிறார். அது பொய்த்தோற்றம் என்றோ பொருட்டன்று என்றோ கூறவில்லை. புறநிலை உள்ளத்தைத் தொடாது என்ற ஸ்டோயிக் கொள்கையிலிருந்து அவர் வேறுபடும் இடம் இது.

தமிழ் மரபோடு ஒப்பீடு

இடர் நடுவே கலங்காமை பற்றித் தமிழ் இலக்கியம் பல நெறிகளைக் காட்டியுள்ளது. திருக்குறளின் 'அவாவறுத்தல்' (37) அதிகாரம் வேண்டாமையையே பெருஞ்செல்வமாகக் காட்டுகிறது. 'இடுக்கண் அழியாமை' (63) அதிகாரம் துன்பத்தைத் துணிந்து எதிர்கொண்டு அதனையே துன்புறுத்தும் உள்ள உரத்தைப் போற்றுகிறது. புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார், ஆற்று வெள்ளத்தில் செல்லும் தெப்பம்போல உயிர் ஊழின் வழியே செல்வதை உணர்ந்து, வாழ்வை இனிதென மகிழ்தலும் இன்னாதென வெறுத்தலும் இன்றி நிற்கும் தெளிவைக் கூறுகிறார். இம்மூன்றையும் முறையே துறவு, உரம், தெளிவு எனச் சுருக்கிக் கூறலாம்.

இம்மூன்றனுள் எதுவும் பவுலின் நிலையோடு முற்றும் ஒத்துவரவில்லை. அவர் வேண்டாமையைப் போதிக்கவில்லை. தமக்கு அனுப்பப்பட்ட உதவியை மகிழ்ந்து பெறுகிறார். துன்பத்தை வென்ற தம் உரத்தைப் பாராட்டிக்கொள்ளவும் இல்லை. மகிழ்தலைத் தவிர்க்கவும் இல்லை. மாறாக, எப்போதும் மகிழுமாறு பிறரையும் வேண்டுகிறார்.

பவுலுக்கு நெருங்கி நிற்பது தமிழின் பக்தி மரபு எனலாம். சேக்கிழார் வரலாற்றின்படி ஏழு நாள் நீற்றறையில் அடைக்கப்பட்ட திருநாவுக்கரசர், வெம்மையின் நடுவே இறைவனடி நிழலை வீணை இசையாகவும் மாலை மதியாகவும் தென்றலாகவும் உணர்ந்து பாடினார். சூழ்நிலை மாறாதிருக்க, அச்சூழ்நிலையின் உள்ளே வேறொருவரின் உடனிருப்பு மகிழ்வைத் தருதல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவானது. வேறுபாடும் உண்டு. அப்பரின் மகிழ்வு இனிய புலனுணர்வுகளின் வழியே பாடலாகிறது. பவுலின் மகிழ்வோ பசி, குறைவு, கொடை, பற்று வரவு ஆகிய அன்றாடச் செய்திகளின் நடுவே உரைநடைக் கடிதமாக வருகிறது. ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது நம் கருத்தன்று. தமிழ்ப் படிப்பாளி பவுலின் கூற்றை அந்நியமாக உணராமைக்கு அப்பரின் மரபு ஒரு காரணமாதல் கூடும் என்பதே நாம் சுட்டுவது.

கற்றலும் பெறுதலும்

பவுலின் கூற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் சொல் 'கற்றுக்கொண்டேன்' என்பது. மனநிறைவு அவருக்குப் பிறவிக்குணமாக வாய்த்தது அன்று. ஒரே நாளில் அருளப்பட்டதும் அன்று. அடுத்த வசனத்தில் அவர் ஆளும் கிரேக்க வினை, மறைபொருள் வழிபாட்டுக் குழுவினுள் ஒருவரை முறைப்படி சேர்த்தலைக் குறிக்க வழங்கியது. நம் மரபில் தீட்சை பெறுதல் என்பதே இதற்கு நெருங்கியது. பழைய திருப்புதல் இதனைப் 'போதிக்கப்பட்டேன்' எனச் செயப்பாட்டு வினையில் தருகிறது. முதல் வசனத்தில் அவர் கற்பவர். அடுத்த வசனத்தில் கற்பிக்கப்படுபவர். முயற்சியும் அருளும் இவ்வாறு இணைந்து நிற்கின்றன. வறுமையும் வளமும் ஆகிய இரண்டுமே அவருக்குப் பாடமாயின என்பதும் கருதத்தக்கது. வறுமையில் நிறைவடையக் கற்பது அரிது என்பர். வளத்தில் நிறைவடையக் கற்பதும் அத்துணை அரிதே என்பது இவ்வசனத்தின் உட்கிடை.

இச்சூழலை நோக்காமல் 13ஆம் வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து, நினைத்தது எல்லாவற்றையும் சாதிக்கும் ஆற்றலுக்கு உறுதிமொழியாக அதனைச் சுவரட்டையில் எழுதித் தொங்கவிடும் வழக்கம் பெருகியுள்ளது. இப்பொருள்கோள் தவறானது. 'எல்லாவற்றையும்' என்று பவுல் குறிப்பது முந்தைய வசனத்தில் அடுக்கிக் கூறிய தாழ்வு, வாழ்வு, பசி, நிறைவு, குறைவு ஆகியவற்றையே. வெற்றி பெறுவதற்கான வலிமை அங்கே பேசப்படவில்லை. வெற்றி கிட்டாத நாளிலும் நிலைகுலையாதிருக்கும் வலிமையே பேசப்படுகிறது.

'போதும்' என்று கூறுபவர் யார்?

இனி இக்கட்டுரையின் மையமான வினாவுக்கு வருகிறோம். பந்தியில் அமர்ந்து உண்பவர் இலையின்மேல் கையை மறித்துப் 'போதும்' என்று கூறுவது நம் வழக்கம். உண்பவர் வாயில் அது நிறைவின் சொல். அதே சொல்லைப் பரிமாறுபவர் 'உனக்கு இது போதும்' என்று கூறினால் அது அவமதிப்பாகிவிடுகிறது. சொல் ஒன்றே, கூறுபவர் மாறியதும் அறம் மாறிவிடுகிறது.

கிறித்தவ மனநிறைவு பற்றிய போதனைகள் பலவற்றில் இவ்வேறுபாடு மறக்கப்படுகிறது. பவுல் தன்மை ஒருமையில் பேசுகிறார். சிறையிலிருப்பவர் தம் நிலையைக் குறித்துத் தாமே தரும் சான்று அது. பிறருடைய வறுமையைக் குறித்து அவர் அவ்வாறு கூறவில்லை. தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த வரலாறு உடைய சமூகம் மலேசியத் தமிழ்ச் சமூகம். அத்தகைய சமூகத்தின் முன் 'உள்ளதே போதும்' என்னும் அறவுரையை வைக்கும் எவரும், அவர் எந்தச் சமயத்தவராயினும், தாம் உண்பவர் இடத்தில் இருந்து பேசுகிறோமா, பரிமாறுபவர் இடத்தில் இருந்து பேசுகிறோமா என்று தம்மைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இக்கேள்வி இல்லாதபோது, மனநிறைவு என்னும் அறம் குறைந்த கூலிக்கும் நிறைந்த உழைப்புக்கும் காவலாகிவிடும்.

திருமறையே இதற்குச் சான்றாகிறது. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், உடையும் உணவும் இல்லாதவரிடம் வேண்டியதைக் கொடுக்காமல், குளிர்காய்ந்து பசியாறுமாறு வாழ்த்தி அனுப்பிவிடுவதில் என்ன பயன் என்று வினவுகிறது. அங்கே 'பசியாறுதல்' என ஆக்கம் பெற்ற கிரேக்க வினையும், பவுல் தம் வயிற்று நிறைவைக் குறிக்க ஆண்ட வினையும் ஒன்றே. தம் பசியை ஏற்றுக்கொள்ளுதல் பவுலிடம் அறமாகிறது. பிறர் பசியை ஏற்றுக்கொள்ளுதல் யாக்கோபிடம் குற்றமாகிறது.

பிலிப்பியர் நிருபத்தின் அமைப்பும் இதனையே வலியுறுத்துகிறது. மனநிறைவைப் பற்றிய பகுதி உண்மையில் ஒரு நன்றிக்கடிதத்தின் பகுதியாகும். பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்து என்பவர் வழியே பவுலுக்கு உதவி அனுப்பினர். அவர் வந்த இடத்தில் நோயுற்று இறக்கும் நிலைக்குச் சென்றார் என்று இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. 'நான் நிறைவாகத்தான் இருக்கிறேன்' என்ற பவுல், அதனால் உங்கள் உதவி வேண்டா என்று கூறவில்லை. தம் துன்பத்தில் அவர்கள் பங்குகொண்டது நன்று என்று 14ஆம் வசனத்தில் பாராட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கணக்கர் வழங்கும் பற்றுச்சீட்டின் சொல்லால் 18ஆம் வசனத்தில் ஒப்புதலும் தருகிறார். பெறுபவர் 'போதும்' என்கிறார். கொடுப்பவர் 'போதாது' என்றெண்ணி மேலும் அனுப்புகிறார். இவ்விரண்டும் சேர்ந்ததே நிருபம் காட்டும் நிறைவு. இவற்றுள் ஒன்றை மட்டும் போதித்தல் நிருபத்தைப் பாதியாக வாசித்தலாகும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். இரண்டாம் கொரிந்தியர் 12:9இல், தம் உடலில் தைத்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று முறை வேண்டிய பவுலிடம், இறைவனே தம் அருள் போதும் என்று கூறுகிறார். இங்குக் கொடுப்பவரே 'போதும்' என்கிறார் அன்றோ என வினவலாம். வினா பொருத்தமானதே. ஆனால் அங்கே, சிறிதளவு கொடுத்து மிகுதியைத் தமக்கென வைத்துக்கொண்ட ஒருவர் அவ்வாறு கூறவில்லை. பவுலின் நம்பிக்கையின்படி, தம்மையே கொடுத்தவர் அவ்வாறு கூறுகிறார். எபிரெயர் 13:5உம் உள்ளது போதும் என்று எண்ணுமாறு கூறிவிட்டு, ஒருபோதும் கைவிடாத இறைவனின் உடனிருப்பையே அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. அந்த உறுதியை அளிக்க இயலாத மனிதர் அச்சொல்லைக் கடன் வாங்குதல் தகாது. பழைய திருப்புதல் தீமோத்தேயு, கொரிந்தியர், எபிரெயர் ஆகிய மூன்றிடத்தும் 'போதும்' என்னும் ஒரே தமிழ்ச்சொல்லை ஆண்டதால், இத்தொடர்பு தமிழ் வாசகரின் செவியில் எளிதாக ஒலிக்கிறது.

தமிழ்க் கிறித்தவப் படைப்பாளரிடம்

இவ்வறத்தின் இரு பக்கங்களையும் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவப் படைப்பாளர் இருவரிடம் காண்கிறோம். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் கிறித்தவரானவர். 1894இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்', ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவியது. பனியனும் 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையில் இருந்தவர். இக்கதையின் வழிப்போக்கனுடைய முதுகுச் சுமை, பயணத்தின் முடிவில் அன்றிச் சிலுவையின் அடியில், பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே விழுந்துவிடுகிறது. அங்கேயே அவன் மகிழ்கிறான். மலையேற்றமும் தாழ்ந்த பள்ளத்தாக்கும் சந்தைச் சிறையும் அதன்பின்னரே வருகின்றன. மகிழ்வு வழியின் இறுதியில் கிடைக்கும் பரிசாக அமையாமல், வழிநடையின் உணவாக அமைந்திருப்பது இக்கதையின் கட்டுமானம். கிருஷ்ண பிள்ளை கதைக்கிடையே தேவாரம் என்னும் பெயரில் துதிப்பாடல்களை அமைத்தது இக்கட்டுமானத்திற்கு மிகவும் ஏற்புடையது. கதை நகர்வு நின்று, உள்ளம் பாடத் தொடங்கும் இடங்களாக அவை விளங்குகின்றன.

மற்றொருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர்; 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதியவர். 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது அவர் தம் பொருளைப் பசித்தோர்க்கு வழங்கியதும், கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடியதும் தமிழிலக்கிய வரலாற்றில் நன்கறிந்த செய்திகள். பஞ்சத்தை இறைவன் செயல் என்று கூறி அமைந்துவிட அவருக்கு அவருடைய பக்தி இடந்தரவில்லை. கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் தன் துன்பத்தில் பாடக் கற்பிக்கிறது. வேதநாயகம் பிள்ளையின் வாழ்வு பிறர் துன்பத்தில் கொடுக்கக் கற்பிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். பவுல் கூறும் மனநிறைவு தன்னிறைவு அன்று. பிறரிடமிருந்து பெறும் நிறைவு. அது பசியை மறுப்பதும் அன்று. பசியைப் பசி என்றே ஒப்புக்கொண்டு, அதற்குள் மகிழக் கற்றல். பழைய திருப்புதலின் 'மனரம்மியம்' அம்மகிழ்வையும், திருவிவிலியத்தின் 'மனநிறைவு' அந்நிறைவையும் காக்கின்றன. எனவே இரண்டும் நமக்கு வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, 'போதும்' என்பது தன்மையில் பொருந்தும் சொல்லேயன்றி முன்னிலையில் சுமத்தத்தக்கது அன்று.

பொன்செய்யும் மருந்து பற்றிய பழமொழியை அடுத்த முறை வகுப்பில் எடுத்துக்கூறும்போது, மாணவரிடம் இரண்டு வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம்: இச்சொல்லை யார் கூறுகிறார்? யாரைப் பற்றிக் கூறுகிறார்? முதல் வினாவுக்கு 'நான்' என்றும் இரண்டாம் வினாவுக்கு 'என்னைப் பற்றி' என்றும் விடை வருமிடத்தில் பழமொழி அறமாகும். மற்றவரைப் பற்றிய பேச்சு எழும்போது, பிலிப்பி நகரத்தார் செய்ததைப் போலச் சிறையிலிருப்பவருக்கு ஏதேனும் கொடுத்தனுப்புவதே தக்க மறுமொழி ஆகும்.